ஆளில்லா ஊர்கள் ஏன் நம்மை இழுக்கின்றன?

"மனிதர்கள் விட்டுப்போன ஊர்களின் படங்களைப் பார்த்தால் மனசு கனத்துப்போகிறது. ஆனாலும் அடுத்த படத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சோகத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பது ஏதாவது கோளாறா?" இதுதான் கேள்வி.

கோளாறு எல்லாம் இல்லை. எனக்கும் பல வருஷமாக இந்தப் பைத்தியம் உண்டு. ராத்திரி பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் ஒரு மணி ஆகிவிடும். ஆனால் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள், அதாவது நிலையாமை, மரணத்தின்மேல் மனிதனுக்கு உள்ள ஈர்ப்பு என்பதெல்லாம், எனக்குப் போதவில்லை. நிலையாமையைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய கோட்டைக்குப் போனால் போதுமே. ஆயிரம் வருஷத்துக் கோட்டையின் இடிந்த மதில்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறோம், இறங்கி வருகிறோம், தொண்டை அடைப்பதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் காலியான ஒரு பள்ளிக்கூடத்தின் படம் மட்டும் ஏன் அடைக்கிறது?

எனக்கு விடை ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. மூடிப் பல வருஷமான ஒரு தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பைச் சுற்றிப் பார்க்க ஒருமுறை அனுமதி கிடைத்தது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். கதவு, ஜன்னல், குழாய், ஒயர் என்று கழற்றக்கூடிய எல்லாம் போயிருந்தன. பார்க்க ஒன்றுமில்லை என்று கிளம்பும் நேரத்தில், ஒரு வீட்டின் நடு அறையில் சுவிட்ச் போர்டு இருந்த இடம் கண்ணில் பட்டது. போர்டு இல்லை, செவ்வகமாக ஒரு குழி மட்டும். அதைச் சுற்றிச் சுண்ணாம்புச் சுவரில் பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கறை. இருட்டில் தடவித் தடவி சுவிட்சைத் தேடிய கைகள் வருஷக்கணக்கில் ஏற்றிய கறை. அதற்கு ஒரு முழம் கீழே இன்னொரு கறை, சின்னதாக. எட்டாத பிள்ளை ஒன்று சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எம்பி எம்பிப் போட்டிருக்க வேண்டும். கீழ்க் கறையிலிருந்து மேல் கறை வரைக்கும் மங்கலாக ஒரு தடம் ஏறிப் போயிருந்தது. பிள்ளை வளர்ந்திருக்கிறது.

அங்கே யார் இருந்தார்கள், எங்கே போனார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. கோட்டை மதிலில் இந்தக் கறை கிடையாது. ராஜாவின் வாழ்க்கை நமக்குக் கதை. சுவிட்சைத் தடவும் கை நம்முடையது. ஒரு வீட்டைக் காலி செய்பவர்கள் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விடலாம். அங்கே தினமும் செய்த வேலைகளின் தடத்தைக் கழற்ற முடியாது. ஆளில்லா ஊரில் நம்மைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தடம்தான் என்பது என் கட்சி.

ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே பெயர்த்து 'பேய் நகரம்' என்று எழுதுகிறார்கள். பேய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நம்மிடம் 'பாழ்' என்று ஒரு சொல் இருக்கிறது. பாழுங்கிணறு, பாழ்மண்டபம், பாழ்மனை. கவனித்தால், எல்லாமே ஒரு காலத்தில் யாரோ பயன்படுத்திய இடங்கள். ஆளே வந்திராத காட்டை யாரும் பாழ் என்று சொல்வதில்லை. வெறுமை வேறு, பாழ் வேறு. பாழ் என்றால் அங்கே ஒரு வேலை நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம்.

இதை நமீபியாவின் கோல்மான்ஸ்கோப்பைவிட நன்றாகக் காட்டும் ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. பாலைவனத்தின் நடுவே இருக்கும் ஊர். அறைகளுக்குள் மணல் இடுப்பு உயரத்துக்கு ஏறி நிற்கும் படங்களை நீங்களும் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். 1908-இல் சக்கரியாஸ் லெவாலா என்ற ரயில்வே தொழிலாளி தண்டவாளத்தின்மேல் சேர்ந்த மணலை அள்ளிக்கொண்டிருந்தபோது பளபளவென்று ஒரு கல்லைப் பார்த்தார். மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டௌச்சிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வைரம். அப்போது அது ஜெர்மன் காலனி. சில வருஷத்துக்குள் மருத்துவமனை, பள்ளிக்கூடம், நடன அரங்கு, பௌலிங் ஆடும் இடம், பாலைவனத்தின் நடுவில் ஐஸ் தொழிற்சாலை என்று ஒரு குட்டி ஜெர்மனி முளைத்துவிட்டது. மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவிகூட இருந்தது. நோய்க்கு மட்டுமில்லை, தொழிலாளிகள் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கும் அது பயன்பட்டது என்பார்கள். அந்த ஊரின் அழகான வால்பேப்பரைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் 1928-இல் தெற்கே ஆரஞ்சு நதிப் பக்கம் இதைவிடப் பெரிய வைரப் படிவுகள் கிடைத்தன. மக்கள் நகர ஆரம்பித்தார்கள். 1956-இல் ஊர் முழுக்கக் காலி.

மணல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்றுதான் இந்தப் படங்களுக்குக் கீழே எழுதுகிறார்கள். எனக்கு இது தப்பாகப் படுகிறது. மணல் புதிதாக வந்த விருந்தாளி இல்லை. 1910-லும் அதே காற்று, அதே மணல். வைரமே மணலை அள்ளும்போது கிடைத்ததுதானே! ஊரில் ஆள் இருந்தவரை காலையில் யாரோ ஒருவர் வாசலைப் பெருக்கினார், யாரோ ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் மறுபடியும் பெருக்கினார். அந்தப் பெருக்கல்தான் ஊராக இருந்தது. அது நின்றதும் மணல், தான் எப்போதும் செய்த வேலையைச் செய்துகொண்டே போனது. பாதி திறந்த கதவு மணலில் புதைந்து அப்படியே நிற்கிறது. அதைச் சாத்தவும் முடியாது, திறக்கவும் முடியாது.

அந்தக் கதவின் படத்தைப் பார்த்தால் ஏன் வலிக்கிறது என்றால், நாமும் இப்படித்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. நம் வீடு நிற்பது சிமென்டால் மட்டுமில்லை. துடைப்பம், ஒழுகும் இடத்தில் வைக்கும் வாளி, வருஷா வருஷம் அடிக்கும் வெள்ளை, மழைக்கு முன்னால் மாடித் தண்ணீர்க்குழாயில் அடைத்த சருகை எடுப்பது, இதெல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடித்திருக்கிறது. செய்யும்போது யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

கட்டடம் எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தப் படங்களை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். ஓட்டுக் கட்டடம் என்றால் சாவு கூரையில் ஆரம்பிக்கும். ஒரு ஓடு நகரும். ஆள் இருந்தால் மறுநாள் ஏறிச் சரிசெய்துவிடுவார். இல்லையென்றால் அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கி மரத்தை நனைக்கும், மரம் உளுத்து வளையும், வளைந்த இடத்தில் நாலு ஓடு போகும். அதன் பிறகு உள்ளேயும் வெளியேயும் ஒரே வானிலைதான். கான்கிரீட் இன்னும் கள்ளத்தனமானது. வெளியே கல்லைப்போல் நிற்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது உப்பி, தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கூரையின் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழுந்து கம்பிகள் விலா எலும்பைப்போலத் தெரிவது அதனால்தான். அந்த விரிசலில் ஒரு விதை விழுந்தால் மிச்ச வேலையை வேர் பார்த்துக்கொள்ளும். குளிர்நாடு என்றால் விரிசலுக்குள் போன தண்ணீர் உறைந்து விரியும், உருகும், மறுபடி உறையும்.

ஜப்பானில் நாகசாகி பக்கத்துக் கடலில் இருக்கும் ஹாஷிமா தீவில் கான்கிரீட் இப்படிச் சாவதை நன்றாகப் பார்க்கலாம். நிலக்கரிச் சுரங்கத்துக்காக மிட்சுபிஷி நிறுவனம் 1890-இல் வாங்கிய தீவு. மொத்தமே 6.3 ஹெக்டேர். 1916-இல் ஜப்பானின் முதல் பெரிய கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பு அங்கேதான் எழுந்தது. 1959-இல் அந்தத் துண்டு நிலத்தில் 5,259 பேர் வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம், சினிமா, கடைகள், மொட்டைமாடித் தோட்டம் எல்லாம் உண்டு. பெட்ரோலியம் வந்தது, நிலக்கரி போனது. 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள். ஏப்ரலில் தீவில் ஒருவரும் இல்லை. மூன்றே மாதம்! வீடும் கம்பெனி வீடு, வேலையும் கம்பெனி வேலை. சுரங்கம் போனபின் அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. தூக்க முடியாததை விட்டுவிட்டுப் போனார்கள். பழைய டிவிப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. உப்புக்காற்றும் புயலும் கம்பியைத் தின்றுகொண்டிருக்கின்றன. 2009-இலிருந்து சுற்றுலாப் பயணிகளை விடுகிறார்கள், ஆனால் குறிப்பிட்ட நடைபாதையைத் தாண்டிக் கட்டடங்களுக்குள் போகக் கூடாது.

அங்கே வாழ்ந்தவர்களில் சிலர் பிற்பாடு வழிகாட்டிகளாக அந்தத் தீவுக்கே திரும்பி வந்தார்கள். நமக்கு அது பாழ், அவர்களுக்கு அது ஒன்பதாவது மாடி, வலது பக்கம் மூன்றாவது ஜன்னல். இரண்டும் ஒரே இடம் என்று நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

சரி, எல்லாப் பாழும் ஒரே மாதிரி இழுப்பதில்லையே, அது ஏன்? ஜெர்மானியத் தத்துவவாதி கியோர்க் ஸிம்மல் 1907-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதன் கட்டடத்தை மேலே எழுப்புகிறான், இயற்கை கீழே இழுக்கிறது, இரண்டு இழுப்பும் சமமாக நிற்கும் ஒரு கட்டத்தில்தான் இடிபாடு அழகாகத் தெரிகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். முழுக்க இடிந்து கல்மேடாகிவிட்டால் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. பூட்டிக் கிடக்கும் புது வீட்டையும் பார்ப்பதில்லை. நடுவில் இருக்க வேண்டும்.

நான் இதோடு ஒன்று சேர்த்துக்கொள்வேன்: யாராவது வாழ்ந்திருக்கவும் வேண்டும். துருக்கியில் புர்ஜ் அல் பாபாஸ் என்று ஒரு திட்டம். கூம்புக் கோபுரம் வைத்த குட்டிக் கோட்டைகளாக நூற்றுக்கணக்கான வீடுகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. கட்டிய நிறுவனம் 2018-இல் கடனில் மூழ்கியது. பாதியில் நிற்கிறது. ஆளில்லை, அமைதி, மூடுபனிகூட உண்டு. படத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. பணம் போட்டவர்களுக்காக வருத்தப்படலாம், ஊருக்காக வருத்தப்பட முடியவில்லை. அங்கே எந்தச் சுவரிலும் கைக்கறை இல்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது உக்ரைனின் பிரிப்யாத். செர்னோபில் அணுமின் நிலையத்தில் வேலை செய்தவர்களுக்காக 1970-இல் உருவான ஊர், கிட்டத்தட்ட 49,000 பேர். 1986 ஏப்ரல் 26, அதிகாலை 1:23-க்கு நான்காவது உலை வெடித்தது. மறுநாள் மதியம் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். தற்காலிகமாகத்தான் என்றார்கள். அடையாளச் சான்றுகள், அவசியமான சாமான்கள், கொஞ்சம் சாப்பாடு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் மக்கள் பேருந்து ஏறினார்கள். அன்றைய அறிவிப்பில் ஒரு வரி எனக்கு மறப்பதில்லை. கிளம்புமுன் விளக்கு, மின்சாதனங்கள், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டு வரும்படி சொன்னார்கள். ஆக, அந்த 49,000 பேரில் பலர் தங்கள் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, சுவிட்சை அணைத்ததாகத்தான் இருந்திருக்கும்.

பதினாறு வயதில் நின்றுபோன ஊர் அது. வாழ்ந்த காலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் காலியாகவே நின்றுவிட்டது. குடியில்லாத வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும் என்பார்கள். இங்கே ஓநாயே உலாவுகிறது.

பிரிப்யாத் படங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பொம்மை, பொம்மைக்கு மாட்டிய வாயுமுகமூடி, ஜன்னலோரம் அழகாக வைத்த ஒற்றைக் குழந்தைச் செருப்பு, இவற்றில் பல பிற்பாடு வந்தவர்கள் படத்துக்காக அடுக்கியவை. நாற்பது வருஷமாகத் திருடர்களும் வேலையாட்களும் சுற்றுலாக்காரர்களும் புழங்கிய இடத்தில் எந்தப் பொம்மையும் வைத்த இடத்தில் இருக்காது. இன்னொன்று, எல்லோரும் 1986-இன் சோகமாகப் படம் எடுக்கும் அந்தப் பெரிய நீச்சல்குளம் விபத்துக்குப் பிறகும், 1990-களிலும், அங்கே வேலைக்கு வந்தவர்களின் பயன்பாட்டில் இருந்தது. மின்நிலையமும் உடனே மூடிவிடவில்லை. கடைசி உலையை 2000 டிசம்பரில்தான் நிறுத்தினார்கள். குளம் பாழானது விபத்தால் அல்ல, அதைச் சுத்தம் செய்து தண்ணீர் விடுவதை ஒருநாள் நிறுத்தியதால்.

அடுக்கிவைத்த பொம்மைகள்மேல் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் பொய் என்பது மட்டுமில்லை. உண்மையான தடத்தின்மேல் நம் கண் போகாதபடி அவை செய்துவிடுகின்றன. பொம்மை 'அழு' என்று கட்டளை போடுகிறது. சுவிட்சுக் கறை எதுவும் சொல்வதில்லை, நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ரசனை நம் காலத்துப் பித்து என்று நினைக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் தோட்டத்தில் இடிந்த கோட்டையைப் புதிதாகவே கட்டிவைத்தார்கள்! கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, பாதிச் சுவரோடு நிறுத்தச் சொல்லி, கொடி படரவிட்டார்கள். பிரெஞ்சு ஓவியர் யுபேர் ரொபேர் இன்னும் ஒரு படி மேலே போனார். லூவ்ர் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தை எப்படிச் சீரமைக்கலாம் என்று 1796-இல் ஒரு ஓவியம் வரைந்தார். கூடவே அதே கூடம் எதிர்காலத்தில் கூரை இடிந்து, வானம் தெரிய, புல் முளைத்துக் கிடப்பதாக இன்னொன்று. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை. அந்த இரண்டாவது ஓவியத்தில் இடிபாடுகளுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து, தப்பி நின்ற ஒரு அப்பல்லோ சிலையைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். எல்லாம் போன பிறகும் யாரோ ஒருவர் தன் வேலையை விடவில்லை.

இப்போது கேள்வியின் சங்கடமான பகுதி. அடுத்தவர் இழப்பை ரசிப்பது சரியா? எல்லா ஊருக்கும் ஒரே பதில் என்னிடம் இல்லை. பிரான்ஸில் ஒராதூர்-சூர்-கிளான் கிராமத்துக்கு 1944 ஜூன் 10 அன்று ஜெர்மன் நாஜிகளின் எஸ்.எஸ். படை வந்து 643 பேரைக் கொன்றது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீவைத்தார்கள். போர் முடிந்ததும் கிராமத்தை அப்படியே விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. பக்கத்தில் புது ஊர் கட்டினார்கள். எரிந்த வீடுகளில் தையல் இயந்திரங்கள் துருவேறி நிற்கின்றன. அங்கே அழகு என்ற சொல்லையே நான் எடுக்க மாட்டேன். துருக்கியின் காயாகோயில் கூரையில்லாத நூற்றுக்கணக்கான வீடுகள் மலைச்சரிவு முழுக்க நிற்கின்றன. 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களையே பண்டமாற்றுச் செய்துகொண்டதில் காலியாகவே நின்றுவிட்ட ஊர். சைப்ரஸின் வரோஷா 1974 ஆகஸ்டில் துருக்கிப் படையெடுப்பில் காலியானது. வேலி போட்டுத் துருக்கி ராணுவம் காவல் நின்றது. 2020-இல் சில தெருக்களைத் திறந்தபோது, பழைய வீட்டுக்காரர்கள் சிலர் வந்து தெருவில் நின்று தங்கள் பால்கனியைப் பார்த்தார்கள். உள்ளே போக அனுமதியில்லை. பக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் வாடகை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியில் நாம் சைக்கிள்காரர் பக்கம்தான் இருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹாஷிமாவும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் அங்கே கட்டாயப்படுத்திச் சுரங்கத்தில் இறக்கினார்கள். 2015-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் அந்தத் தீவு சேர்ந்தபோது இதையும் முறையாகச் சொல்ல வேண்டும் என்று பேச்சு. சரியாகச் சொல்லவில்லை என்று 2021-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியக் குழு வருத்தம் தெரிவித்தது. சோகமான அழகு என்ற போர்வைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது எல்லாக் காரணங்களையும் ஒரே மாதிரி மூடிவிடும். வைரம் தீர்ந்ததும், குண்டு விழுந்ததும், கம்பெனி மூடியதும் படத்தில் ஒரே பாசி, ஒரே மூடுபனி.

அமெரிக்காவின் டெட்ராய்ட் மக்கள் இதைத்தான் எரிச்சலோடு சொன்னார்கள். 1950-இல் அங்கே 18 லட்சத்துக்கு மேல் ஜனம்; 2020-இல் சுமார் 6.4 லட்சம். காலியான பெரிய கட்டடங்களைப் படமெடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். படத்தின் சட்டகத்தை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் ஆள் குடியிருக்கும் வீடு தெரியும், அதை யாரும் நகர்த்தவில்லை. தனுஷ்கோடியிலும் அதே கதைதான். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும், வந்துகொண்டிருந்த ரயிலும் போயின. வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தார்கள். இடிந்த தேவாலயச் சுவரைப் படமெடுப்பவர்கள் அதன் பின்னால் மீனவக் குடிசைகள் இருப்பதைப் படத்தில் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆளில்லா ஊர் என்று பேர் வாங்கிய பல இடங்களில் ஆள் இருக்கிறார்கள்.

டெட்ராய்ட்டின் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1988-இல் கடைசி ரயிலை அனுப்பிவிட்டு முப்பது வருஷம் காலியாக நின்றது, அதில் பல வருஷம் கண்ணாடியில்லாத ஜன்னல்களோடு. உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட பாழ்களில் அதுவும் ஒன்று. 2018-இல் ஃபோர்டு வாங்கிச் செப்பனிட்டு 2024 ஜூனில் திறந்தது. பளபளவென்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், சிலர் அழுதார்கள். பாழ் ரசிகர்களில் சிலருக்கோ உள்ளூர ஒரு சின்ன ஏமாற்றம். எனக்கும் ஒரு நொடி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நொடியில்தான் என் ரசனையின் லட்சணம் எனக்குப் புரிந்தது.

பாழைப் பாழாகவே வைத்திருப்பதும் சாதாரண வேலையில்லை. கலிஃபோர்னியாவின் போடி தங்கச் சுரங்க ஊர். 1859-இல் அங்கே தங்கம் கண்டவர் அதே குளிர்காலத்தில் பனிப்புயலில் செத்துப்போனார். ஊருக்கு அவர் பேரை வைத்தார்கள், எழுத்தையும் மாற்றிவிட்டார்கள். 1880 வாக்கில் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். தங்கம் தீரத் தீரப் பல பத்தாண்டுகளாகச் சொட்டுச் சொட்டாகக் காலியானது. 1962-இல் அரசுப் பூங்காவானது. நூற்றுச் சொச்சம் கட்டடங்கள் மிச்சம். அவற்றைப் புதுப்பிப்பதும் இல்லை, விழ விடுவதும் இல்லை. கூரையை ஒட்டுப்போடுவார்கள், சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பார்கள், ஜன்னல் கண்ணாடியை மாற்றுவார்கள். உள்ளே தூசி அப்படியே இருக்கும். கடையின் அலமாரியில் பழைய டப்பாக்கள், பள்ளிக்கூடத்தில் பழைய பெஞ்சு. யாரும் வாழாத வீட்டின் கூரைக்கு ஓட்டை அடைக்க ஆள் சம்பளம் வாங்குகிறார். அங்கிருந்து ஒரு ஆணியை எடுத்தாலும் சாபம் பிடிக்கும் என்று ஒரு கதை உண்டு. திருட்டைத் தடுக்கப் பூங்காக் காவலர் ஒருவர் கிளப்பிவிட்டது என்கிறார்கள். ஆனால் எடுத்துப்போனவர்கள் பலர் மன்னிப்புக் கடிதத்தோடு ஆணியையும் கல்லையும் தபாலில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

நேரில் போய்ப் பார்க்க ஆசையிருந்தால் ஓரிரண்டு வார்த்தை. அனுமதி வாங்குங்கள். மரத்தளத்தில் நடுவில் நடக்காதீர்கள், சுவரோரமாக நடங்கள். பழைய கூரைத் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், உடைத்துத் தூசி கிளப்ப வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். எதையும் நகர்த்திவைத்துப் படம் எடுக்காதீர்கள். மற்றபடி, முதலில் கூரையைப் பாருங்கள், அப்புறம் சுவிட்ச் இருந்த இடம், அடுப்பு இருந்த மூலை, தேய்ந்த வாசற்படி. படி எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்த வீட்டார் கடைத்தெருவுக்கு எந்தத் திசையில் போனார்கள் என்றுகூட ஊகிக்கலாம்.

கடைசியாக ஒரு ஊர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் சென்ட்ரேலியா. 1962 மே மாதம் அங்கே நிலத்தடி நிலக்கரியில் தீப்பிடித்தது. இன்னும் எரிகிறது. 1981-இல் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நிலம் திடீரென்று உள்வாங்கி, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் குழிக்குள் போய், மரத்தின் வேரைப் பிடித்துத் தொங்கித் தப்பினான். 1984-இல் மக்களை வேறு இடத்துக்கு மாற்ற அரசு 4.2 கோடி டாலர் ஒதுக்கியது. வீடுகளை வாங்கி இடித்துத் தள்ளினார்கள். 2002-இல் தபால் குறியீட்டையும் எடுத்துவிட்டார்கள். போக மறுத்த ஒரு சிலர் மட்டும் வழக்குப் போட்டு, தங்கள் ஆயுள் வரைக்கும் இருந்துகொள்ள 2013-இல் அனுமதி வாங்கினார்கள். இன்று போனால் ஒரு சில வீடுகளைத் தவிர வேறு வீடுகள் இல்லை, தெருக்கள் இருக்கின்றன. காட்டுக்குள் நேர்க்கோடாகத் தார் போட்ட தெருக்கள், ஓரமாக நடைபாதை, நடைபாதையிலிருந்து புல்லுக்குள் ஏறும் இரண்டு படி. அதற்குமேல் வீடு இல்லை.

ஊருக்கு மேலே குன்றில் உக்ரைனியக் கத்தோலிக்கர்களின் தேவாலயம் ஒன்று இருக்கிறது, 1911-இல் கட்டியது. அதன் அடியில் நிலக்கரி இல்லை, கெட்டிப் பாறை என்று தெரிந்ததால் இடிக்காமல் விட்டார்கள். வெள்ளைச் சுவர், நீலக் குமிழ்க் கோபுரம், பெயின்ட் உரியாமல் இருக்கிறது. ஊரில் அநேகமாக ஆளில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கார்கள் அந்தக் குன்றின்மேல் ஏறுகின்றன. வழிபாடு முடிந்ததும் ஒவ்வொன்றாக இறங்கிப் போகின்றன.